கருவி மாறினால் இசை மாறுமா?



காலையில் வானொலி நிலையம் விழித்தெழும்போது ஒலிக்கும் அந்தச் சிறிய இசையை அறியாதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். தம்பூராவின் சுருதி மீது வயலின் ஒன்று மெல்ல எழுந்து, சற்றே நின்று, மறையும்; அவ்வளவே. ஊரில் இருந்த நாளில் அதைக் கேட்டோம். பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த பின்னரும் அதனையே கேட்டோம். அந்த இசையை அமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன் என்னும் ஐரோப்பியர். இன்றைய செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாட் நகரில் 1907-ஆம் ஆண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சி ஐரோப்பாவை அச்சுறுத்தத் தொடங்கிய காலத்தில், 1934-ஆம் ஆண்டில், பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாய் வானொலி நிலையத்தில் பணிபுரிந்து, 1946-ஆம் ஆண்டில் இந்நாட்டினின்றும் விடைபெற்றார்.

அவர் பம்பாயில் செய்த மற்றொரு நற்பணியும் உண்டு. ‘பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி’ என்னும் சங்கத்தை நிறுவினார். அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஸுபின் மேத்தாவின் தந்தையார். சேம்பர் மியூசிக் என்பதை நாம் சிற்றவை இசை என்று சொல்லிக்கொள்ளலாம். பெரிய மண்டபத்துக்கும் நூறு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கும் உரியதன்று இது. இருவர், மூவர், நால்வர், மிஞ்சினால் எண்மர் ஓர் அறையில் அமர்ந்து, நடத்துநர் எவருமின்றி, ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் இசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ‘ரொமான்டிக் காலம்’ என்று இசைவாணர் கூறும் காலத்தில், ஷூபர்ட், ஷூமான், பிராம்ஸ், ஃபிராங்க் ஆகியோர் இத்துறைக்குத் தந்த செல்வம் மிகப் பெரிது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அச்செல்வத்தின் ஒரு பகுதியே. ஒரு கருவிக்கு என எழுதப்பட்ட சிற்றவை இசையை வேறொரு கருவியில் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஏராளம் வந்துள்ளன. கிளாரினெட்டுக்கு எழுதியதை வயோலாவிலும், வயலினுக்கு எழுதியதைச் செல்லோவிலும் புல்லாங்குழலிலும், நால்வருக்கு எழுதியதை முழு வாத்தியக் குழுவிலும் கேட்கிறோம். இவை மூலப் படைப்புக்குச் செய்யும் தொண்டா, துரோகமா? கேட்பவராகிய நாம் இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? இதுவே கேள்வி.

நம்மைப் போன்றவர்க்கு இக்கேள்வியில் ஒரு சிறு தடங்கல் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கர்நாடக இசையில் கிருதி என்பது குரலுக்கு உரியது. நாதஸ்வரமாயினும், வீணையாயினும், புல்லாங்குழலாயினும் அதே கிருதியைத்தான் வாசிக்கிறது. இந்த வாத்தியத்துக்கென்றே இப்பாடல் என்று தியாகையரோ தீட்சிதரோ எழுதி வைக்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து வயலினைக் கற்று நம் இசைக்கு ஏற்றபோது, அதற்கெனப் புதிய பாடல்கள் இயற்றவேண்டிய அவசியம் நேரவில்லை. இருந்த பாடல்களே அதில் ஏறிக்கொண்டன. ஆகவே, கருவி மாறுவதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்ற எண்ணம் நம் செவியில் ஊறிக் கிடக்கிறது.

மேனாட்டுச் சிற்றவை இசையின் கட்டமைப்பு வேறு. அங்கே ஆசிரியர் ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதித் தருகிறார். பியானோவின் வலக்கை எந்த ஸ்தாயியில் நிற்கிறது, அதற்கு மேலே வயலின் எவ்வளவு உயரத்தில் செல்கிறது, எங்கே இரண்டும் ஒன்றையொன்று உராய்கின்றன என்பதெல்லாம் முன்கூட்டி நிச்சயிக்கப்பட்டவை. வீட்டின் தூண்களைப் போல அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு தூணை எடுத்துவிட்டு வேறொன்றை நிறுத்தினால் கூரை விழாதிருக்கலாம். ஆனால் நிழல் விழும் இடம் மாறும். அந்த நிழலைக் கவனிப்பதே இங்கு நம் வேலை.

கருவி மாற்றி வாசிப்பது இசைத்தட்டு வந்த பின் தோன்றிய வழக்கம் என்று எண்ணவேண்டா. இசைத்தட்டு இல்லாத காலத்தில்தான் அது மிகுதியாக இருந்தது. பெர்லினிலோ வியன்னாவிலோ ஒரு புதிய நால்வர் இசை அரங்கேறினால், சிற்றூரில் இருந்தவர் அதை எப்படிக் கேட்பது? ஒரே பியானோவின் முன் இருவர் அமர்ந்து நான்கு கைகளால் வாசிக்கத்தக்கவாறு அதை மாற்றி எழுதி அச்சிட்டு விற்றார்கள். தமக்கையும் தங்கையும், கணவனும் மனைவியும் அவ்வாறு வாசித்தே பல படைப்புகளை அறிந்துகொண்டனர். பிராம்ஸே தம் படைப்புகள் பலவற்றை நான்கு கைகளுக்கு மாற்றி அமைத்தார். அந்தக் காலத்து வீடுகளில் இசைத்தட்டு செய்யும் வேலையை இந்த அச்சுத்தாள்கள் செய்தன எனலாம். அந்த பிராம்ஸின் முன்னிலையில்தான், 1889-ஆம் ஆண்டு டிசம்பரில் வியன்னாவில், எடிசனின் ஒலிப்பதிவுப் பொறி வைக்கப்பட்டது. மெழுகு உருளையில் அவர் வாசித்தது இன்று கரகரப்புக்கு நடுவே அரைகுறையாகவே கேட்கிறது. அங்கும் அவர் வாசித்தது கருவி மாறிய இசைதான்: நான்கு கைகளுக்கென அவர் முதலில் எழுதிய ஹங்கேரிய நடனம் ஒன்றின் பகுதியையும், யோஸஃப் ஷ்டிராவுஸ் வாத்தியக் குழுவுக்கென இயற்றிய நடன இசை ஒன்றின் பகுதியையும் தாம் ஒருவராகவே பியானோவில் வாசித்தார்.

இனி, ஓர் உண்மைக் கதையைக் காண்போம். 1823-ஆம் ஆண்டில் வியன்னாவில் யோஹான் கேயோர்க் ஷ்டவுஃபர் என்னும் கருவி செய்வோர் ஒரு புதிய வாத்தியத்தை உருவாக்கினார். கித்தாரைப் போல ஆறு தந்திகள். கித்தாரைப் போலவே சுருதி கூட்டல். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள். ஆனால் அதைச் செல்லோவைப் போல் முழங்கால்களுக்கு நடுவே வைத்து, வில்லால் வாசிக்க வேண்டும். அதற்கு ஆர்பெஜியோனே என்ற பெயர் நின்றுவிட்டது. வின்சென்ஸ் ஷூஸ்டர் என்பவர் அதைப் பயின்று, கற்பிக்கும் நூல் ஒன்றும் வெளியிட்டார். 1824-ஆம் ஆண்டு நவம்பரில் ஷூபர்ட் அக்கருவிக்கும் பியானோவுக்குமாக ஒரு ஸொனாட்டாவை இயற்றினார். அப்போது அவருக்கு வயது 27. உடல் நலிந்திருந்த காலம்.

நான்கு ஆண்டுகளில் ஷூபர்ட் மறைந்தார். ஆர்பெஜியோனேயும் நெடுநாள் வாழவில்லை. அந்த ஸொனாட்டா கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1871-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அப்போது அதை வாசிக்கக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே செல்லோவிலும் வாசிக்கலாம் என்று சேர்த்தே வெளியிட்டனர். அன்று முதல் அப்படைப்பு அகதியாய் வீடு வீடாகச் சென்று வாழ்ந்து வருகிறது. செல்லோ, வயோலா, கிளாரினெட், புல்லாங்குழல், கித்தார், டபிள் பாஸ் ஆகிய அத்தனையும் அதற்கு இடம் கொடுத்துவிட்டன.

ஆனால் குடியேறிய வீடு எதுவும் அதற்கு முழுப் பொருத்தமன்று. ஆர்பெஜியோனேயின் மேல்தந்தி செல்லோவின் மேல்தந்தியைவிடப் பஞ்சம அளவு உயர்ந்தது. ஆகவே ஷூபர்ட் எளிதாக விரல் வைக்க எழுதிய இடங்களைச் செல்லோ வாசிப்பவர் கழுத்துப் பலகையின் கோடியில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. வயோலாவுக்கு மேல்ஸ்தாயி எளிது. ஆனால் கீழே இடம் போதாது. ஆர்பெஜியோனே இறங்கும் தாழ்ந்த ஸ்வரங்கள் வயோலாவில் இல்லை; அவற்றை ஒரு ஸ்தாயி உயர்த்தியே வாசிக்கிறார்கள். எமானுவேல் ஃபாயர்மன், ஜெரால்ட் மூர் என்பவரின் பியானோவுடன் 1937-ஆம் ஆண்டில் செல்லோவில் பதிவு செய்ததைக் கேட்டால் இந்தக் கஷ்டம் எதுவும் இருப்பதாகவே தோன்றாது. அத்தனை லாகவம், சிற்றோடை ஓடுவதுபோல் ஓடுகிறது. ரோஸ்ட்ரோபோவிச், பெஞ்சமின் பிரிட்டனின் பியானோவுடன் 1968-இல் செய்த பதிவோ வேறு வகை. அங்கே வேகம் குறைவு; உயரத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் முயன்று பெற்றதுபோல் ஒலிக்கிறது. மூலத்தில் எளிதாக இருந்தது இங்கே அரிதாகி, அந்த அருமையே ஒரு துயரச் சாயலாக மாறிவிடுகிறது. அச்சாயலில் பாதி ஷூபர்ட்டுக்கு உரியது; மறுபாதி செல்லோ கொண்டுவந்தது.

1970-களில் கிளவுஸ் ஷ்டோர்க் என்பவர் ஆர்பெஜியோனேயிலேயே அந்த ஸொனாட்டாவைப் பதிவு செய்தார். அதைக் கேட்டபோது நமக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒலி மெலிது, மூக்கால் பேசுவது போன்றது, செல்லோவின் நிறைவு அதில் இல்லை. ஆயினும் இரண்டு மூன்று முறை கேட்ட பின், தாவிச் செல்லும் இடங்களெல்லாம் கைக்கு அடங்கி, பேச்சுப் போல் இயல்பாக வருவதை உணர்ந்தோம். செல்லோவில் நாம் பெருஞ்சோகம் என்று எண்ணியிருந்த இடங்கள் சில இங்கே வெறும் உரையாடலாக இருந்தன. மூலம் இன்னது என்று தெரிந்தபின் மாற்றத்தின் அழகு குறையவில்லை. எது யாருடைய கொடை என்று பிரித்தறியும் பக்குவம் கிடைத்தது. மற்றொன்றும் தெளிவாயிற்று. பிற கருவிகளிடம் செல்லாதிருந்தால் இந்த ஸொனாட்டாவை இன்று நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

ஆசிரியரே விரும்பி மாற்றிய கதைகளும் உண்டு. 1890-ஆம் ஆண்டில் பிராம்ஸ் தம் பணி முடிந்தது என்று எண்ணியிருந்தார். மறு ஆண்டு மைனிங்கன் நகருக்குச் சென்றவர் அங்கே ரிஹார்ட் மியூல்ஃபெல்ட் என்பவரின் கிளாரினெட்டைக் கேட்டார். மியூல்ஃபெல்ட் அந்த அரசவை வாத்தியக் குழுவில் வயலின் வாசிப்பவராகச் சேர்ந்து, பிறகு கிளாரினெட்டைத் தாமே பயின்றவர். அந்தக் குழைவு பிராம்ஸை மீண்டும் எழுத வைத்தது. 1894-இல் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமாக இரண்டு ஸொனாட்டாக்கள் பிறந்தன. அவற்றை அச்சிடும்போது வயோலாவுக்கு உரிய வடிவத்தையும் பிராம்ஸே ஆக்கித் தந்தார். கிளாரினெட் உயரே செல்லும் சில இடங்களை ஒரு ஸ்தாயி இறக்கினார். சில இடங்களில் இரு தந்திகளை ஒருங்கே ஒலிக்கச் செய்தார். வயலினுக்கும் ஒரு வடிவம் செய்தார். வயலினுக்குக் கீழ்ஸ்தாயி குறைவாதலால், அங்கே பியானோவின் பகுதியையும் மாற்ற வேண்டியதாயிற்று. கருவியை மாற்றினால் உடன் வாசிப்பவரையும் மாற்ற நேரும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கிளாரினெட்டில் இவற்றைக் கேளுங்கள். பிறகு வில்லியம் பிரிம்ரோஸ் போன்றோர் வயோலாவில் பதிவு செய்ததைக் கேளுங்கள். கிளாரினெட்டில் ஒரு வாக்கியம் மூச்சில் தொடங்கி மூச்சில் முடிகிறது. ஒலி ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்து ஒன்றுமில்லாததில் கரைகிறது. வயோலாவில் வில் திரும்பும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு நுட்பமாக மறைத்தாலும் அங்கே சிறிது அழுத்தம் விழும். ஆகவே கிளாரினெட்டில் நினைவு கூர்தலாக ஒலிப்பது வயோலாவில் வாய்விட்டுச் சொல்வதாக ஆகிறது. இரண்டையும் பிராம்ஸ் ஒப்பினார். ஒப்பினார் என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை.

ஒப்பாத ஆசிரியரும் உண்டு. அவர் கதைதான் நம்மை உண்மையில் சங்கடத்தில் ஆழ்த்தியது. 1849-ஆம் ஆண்டில் ஷூமான் மூன்று சிறு படைப்புத் தொகுதிகள் இயற்றினார். ஒன்று ஹார்னுக்கு; இன்னொன்று கிளாரினெட்டுக்கு; மூன்றாவது ஓபோவுக்கு. ஓபோ என்பது நாதஸ்வரத்தைப் போல் இரட்டைச் சீவாளி கொண்ட, அளவிற் சிறிய குழல். முதல் இரண்டையும் வயலினிலோ செல்லோவிலோ வாசிக்கலாம் என்று ஷூமான் இசைந்தார். மூன்றாவதான ‘ரொமான்ஸ்’ மூன்றையும் வெளியிட முன்வந்த பதிப்பாளர் சிம்ராக், கிளாரினெட்டுக்கும் ஆகும் என்று அச்சிடலாமா எனக் கேட்டபோது மட்டும் அவர் மறுத்தார். கிளாரினெட்டுக்கு என்று எழுதியிருந்தால் இது வேறொரு படைப்பாகவே அமைந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். பதிப்பாளரோ, வயலினும் கிளாரினெட்டும் ஆகும் என்று முகப்பிலேயே அச்சிட்டுவிட்டார்.

மும்பை மாதுங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் ஒரு நண்பர் இல்லத்தில் கூடி இசைத்தட்டுகள் கேட்பது வழக்கம். சோர் பஜாரில் தேடி எடுத்த பழந்தட்டுகள்தாம் பெரும்பாலும். அடுத்த வீட்டில் மிருதங்க வகுப்பு முடிந்த பின்னரே எங்கள் கூட்டம் தொடங்கும். ஒரு நாள் ஹைன்ஸ் ஹோலிகர் என்னும் ஓபோ வித்துவான், ஆல்ஃபிரட் பிரெண்டலின் பியானோவுடன் பதிவு செய்த தட்டு கிடைத்தது. 1980-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்தது. ஷூமானின் மேற்சொன்ன மூன்று படைப்புகளும் அதில் அடங்கும். மூன்றையும் அவர் ஓபோவிலோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த, சற்றே தாழ்ந்த சுருதியுள்ள ஓபோ தமோரேயிலோ வாசித்திருந்தார். உறையைப் பாராமல் கேட்டு, இவற்றுள் ஓபோவுக்கென்றே எழுதப்பட்டது எது என்று கண்டுபிடிப்போம் என்று முடிவு செய்தோம்.

எங்களுள் மூத்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவர். ரயில்வே கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மூலத்தை மாற்றுவது பெரும் பிழை என்பது அவர் கட்சி. “இதில் இடையில் மூச்சு விடவே இடமில்லை. குழல் ஊதுபவனுக்கு இப்படி எவனாவது எழுதுவானா? இது வில்லுக்கு எழுதினது” என்று சொல்லி, ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. வயலின் பயிலும் ஒரு பெண் மட்டும், “மாமா, எனக்கென்னமோ அதுதான் என்று தோன்றுகிறது” என்றாள். காரணம் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. மற்றவர் அனைவரும் வேறொன்றைத் தேர்ந்தோம்.

உறையை எடுத்துப் பார்த்தோம். பெரியவர் ஒதுக்கியதே ஓபோவுக்கென ஷூமான் எழுதியது. பிறகு விசாரித்து அறிந்தோம்: அந்த மூன்று ‘ரொமான்ஸ்’களும் மூச்சுக்கு இடங்கொடாதவை என்று ஓபோ வாசிப்போரிடையே பெயர் பெற்றவை. ஹோலிகரோ, கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து, ஒலி அறாமல் வாசிக்கும் வித்தையில் வல்லவர். பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கோயிலில் ஒத்து ஊதுபவனைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவன் அப்படித்தானே ஊதுகிறான்? எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்” என்றார்.

அந்த மாலை எங்களுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. வாசிக்க எளிதாக இருப்பதே மூலத்தின் அடையாளம் அன்று, இது முதலாவது. கருவியின் எல்லையோடு போராடுவதையும் ஆசிரியர் தம் இசையின் ஒரு பகுதியாக ஆக்கிவிட முடியும். அதே ‘ரொமான்ஸ்’களை வயலினில் கேட்டால் போராட்டம் எதுவுமில்லை, இனிமை மட்டுமே எஞ்சுகிறது. ஷூமான் வேறொரு படைப்பாகிவிடும் என்றதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இரண்டாவது பாடம்: கொள்கை பேசுவது எளிது, காது அதற்குக் கட்டுப்படுவதில்லை. மூலத்துக்காக வாதாடியவரே மூலத்தை ஒதுக்கினார். மாற்றங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்ற எங்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இங்கே ஒலிப்பதிவின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஸெஸார் ஃபிராங்க் 1886-ஆம் ஆண்டில் வயலினுக்கும் பியானோவுக்குமாக ஒரு ஸொனாட்டா இயற்றி, வயலின் வித்துவான் யூஜேன் இஸாயியின் திருமணத்துக்குப் பரிசாகத் தந்தார். பின்னர் ஜூல் டெல்சார் என்னும் செல்லோ வித்துவான், ஃபிராங்கின் இசைவு பெற்று, அதைச் செல்லோவுக்கு மாற்றினார். பியானோவின் பகுதியை அவர் தொடவேயில்லை. வயலின் பகுதியைப் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி இறக்கினார். பார்வைக்குச் சிறிய மாற்றம். விளைவோ பெரிது. வயலின் பியானோவுக்கு மேலே வானத்தில் பறந்தது. செல்லோ பியானோவின் நடுவே, அதன் இரு கைகளுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது. கடைசிப் பகுதியில் பியானோ ஒரு பாட்டைத் தொடங்க, வயலின் சற்றுப் பின்தங்கி அதையே தொடரும். அண்ணனும் தம்பியும் ஓடிப் பிடிப்பது போன்ற விளையாட்டு அது. செல்லோவில் அதுவே தந்தையும் மகனும் நடப்பது போல் ஆகிவிடுகிறது.

அரங்கில் கேட்டால் செல்லோ பல இடங்களில் பியானோவின் முழக்கத்தில் மூழ்கிப்போகும். இசைத்தட்டில் அப்படி மூழ்குவதில்லை. ஏன்? ஒலிவாங்கியைச் செல்லோவின் அருகே வைத்துப் பொறியாளர் அதைத் தூக்கிவிடுகிறார். ஜாக்குலீன் டு பிரே, டேனியல் பாரன்பாய்முடன் 1971-இல் இதைச் செல்லோவில் பதிவு செய்தார். நோய் அவர் கைகளைக் கட்டிப்போடுமுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் வாசித்த கடைசிப் பதிவுகளுள் அது ஒன்று. அதைக் கேட்டு மனம் நெகிழாதவர் அரியர். ஆனால் அங்கே நாம் கேட்கும் சமன்நிலையில் வாசித்தவர் கையோடு ஒலிவாங்கியின் கையும் சேர்ந்திருக்கிறது. இசைத்தட்டு கருவி மாற்றத்துக்கு மிகவும் அனுகூலமான இடம். அதன் சங்கடங்களை மறைத்துவிடும் இடமுமாகும்.

பியானோவின் முழக்கத்தைப் பற்றிய முறையீடு புதிதன்று. பிராம்ஸின் முதல் பியானோ நால்வர் இசையை ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1937-இல் முழு வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதினார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஆட்டோ கிளெம்பரர் அதை நடத்தினார். அப்படைப்பு தமக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அரிதாகவே வாசிக்கப்படுகிறது. வாசிக்கும்போதும் பியானோக்காரர் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவு உரக்க வாசிப்பதால் மற்ற மூவரும் கேட்பதில்லை. ஒருமுறையேனும் எல்லாவற்றையும் கேட்டுவிட ஆசைப்பட்டேன் என்னும் பொருள்பட அவர் காரணம் சொன்னார். அவர் அமைத்த பெருங்குழுவில் பியானோவே கிடையாது! ராபர்ட் கிராஃப்ட் 1964-இல் சிகாகோ குழுவைக் கொண்டு அதைப் பதிவு செய்தார். கடைசிப் பகுதியில் ஸைலோஃபோன் கலகலக்கும்போது பிராம்ஸ் நாணியிருப்பாரோ, மகிழ்ந்திருப்பாரோ என்று நாம் வியக்கிறோம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு மூலமான நால்வர் இசைக்குத் திரும்பினால், முன்பு நம் காதில் விழாத உட்குரல்கள் விழத் தொடங்குகின்றன. ஷோன்பெர்க் விரும்பியது நமக்குக் கிட்டிவிட்டது.

ஆகவே, தொண்டா துரோகமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதே நாம் கண்ட முடிவு. ஆர்பெஜியோனே ஸொனாட்டாவுக்கு இடம்பெயர்தலே உயிர். பிராம்ஸுக்கு அது இன்னொரு முகம். ஷூமானின் ‘ரொமான்ஸ்’களுக்கு அது இழப்பு. ஃபிராங்குக்கு அது பண்டமாற்று. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றது. எங்கும் விலை உண்டு. விலை தெரிந்து வாங்குவதே கேட்பவர் கடமை.

இசைத்தட்டுகளை நாடும் நேயர்கட்கு எங்கள் அநுபவத்திலிருந்து சில சொற்கள். ஒரே படைப்பின் இரு வடிவங்களைத் தேடி எடுங்கள். முதலில் மூலத்தைக் கேளுங்கள். பிறகு மாற்றத்தைக் கேளுங்கள். மீண்டும் மூலத்துக்கே வாருங்கள். தனி வாத்தியத்தை மட்டும் கவனியாமல், பியானோவுக்கு மேலே அது நிற்கிறதா, நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். வாக்கியங்கள் எங்கே முடிகின்றன, மூச்சிலா, வில்லிலா என்று கவனியுங்கள். எளிதாக ஒலிக்கும் இடம் மூலத்தில் அரிதாக இருந்ததா, அரிதாக ஒலிப்பது மூலத்தில் எளிதாக இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் ஸ்வர எழுத்து அறிய வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே போதும்.

மாதுங்காப் பெரியவர் இப்போதும் மூலத்தின் பக்கமே வாதாடுகிறார். ஆனால் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், கடைசியாக ஒன்று போடச் சொன்னால், அவர் கேட்பது செல்லோவில் வாசித்த அந்த ஆர்பெஜியோனே ஸொனாட்டாவையே. “பிறந்த வீடு இடிந்துபோய்விட்டது, புகுந்த வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது” என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்கிறார். ஊரை விட்டு ஐம்பது ஆண்டுகள் ஆன அவர் அதைச் சொல்லும்போது, இசையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறாரா என்று நாங்கள் கேட்பதில்லை. ஊசியைத் தட்டின் மீது வைக்கிறோம், பியானோ தொடங்குகிறது.